அப்பாவின் மூச்சுக்கு எத்தனை ஆம்பியர்?

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்குப் பேசுவதில் பயமில்லை, மௌனம்தான் பயம். நிகழ்ச்சியின் நடுவில் நான்கு நொடி சத்தம் நின்றுபோனால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழில்நுட்பர் எழுந்து நின்றுவிடுவார். எனக்கும் கை சில்லிட்டுவிடும்.

கடந்த தீபாவளி விடுமுறையில், பெர்த் நகரில் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள், விடியற்காலை 3.40 மணிக்கு அப்படியொரு மௌனம் என்னை எழுப்பியது. அப்பாவின் இயந்திரம் நின்றுபோயிருந்தது.

அப்பாவுக்கு ஸ்லீப் அப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்ளும். சில நொடிகள் மூச்சு நிற்கும், பிறகு திணறி எழுவார். அதற்காக மூன்று வருடமாக ‘சிபேப்’ இயந்திரம் பயன்படுத்துகிறார். முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி, மூச்சுப் பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் இந்தச் சிகிச்சை முறையை உலகுக்கு அறிவித்தார். ஆக, அந்த இயந்திரம் பிறந்த நாட்டிலேயே அது எங்களைக் கைவிட்டது!

அப்பா முகமூடியைக் கழற்றிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். “ஒண்ணும் இல்லம்மா, நீ தூங்கு” என்றார். அவர் மறுபடி படுக்கவில்லை. விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒத்திகைக்கு நன்றி

அண்ணன் பத்து வருடமாகப் பெர்த்வாசி. போன வருடம் பழைய கேரவன் ஒன்று வாங்கினார். பதினாறு அடி நீளம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. உள்ளே ஒரு பெரிய கட்டில், மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை, கேஸ் அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பெற்றோரை அதில் ஏற்றி லக்கி பே கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

லக்கி பே, எஸ்பெரன்ஸ் ஊருக்கு அருகே கேப் லெ கிராண்ட் தேசியப் பூங்காவில் இருக்கிறது. 1802-ல் புயலுக்கு ஒதுங்க இடம் தேடிய கப்பல் தலைவர் மேத்யூ ஃபிளிண்டர்ஸ், அடைக்கலம் கிடைத்த மகிழ்ச்சியில் ‘அதிர்ஷ்ட விரிகுடா’ என்று பெயர் வைத்த இடம். மாவு போன்ற வெள்ளை மணல், அதில் உலவும் கங்காருகள் என்று புகைப்படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே கேரவன் நிறுத்தும் இடத்தில் மின்சார இணைப்பு கிடையாது. மூன்று இரவுகள் கேரவனின் 12 வோல்ட் பேட்டரியை நம்பியே இருக்க வேண்டும்.

அதனால்தான் அண்ணன் வாசலிலேயே ஓர் ஒத்திகை வைத்தார். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, நண்பகல் 12 மணிக்கு வீட்டு மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார். அன்றிரவு அப்பா, அம்மா, நான், அண்ணன் மகள் நால்வரும் கேரவனில் படுத்தோம். 3.40-க்குக் கதை முடிந்தது.

காலையில் தேநீர் குடிக்கும்போது அப்பாவே தீர்ப்பையும் சொல்லிவிட்டார். “என் மிஷினாலதான் இது. நான் வீட்லயே இருந்துக்கிறேன். நீங்க பிள்ளைய கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க.”

அம்மா உடனே, “அப்ப நானும் வரல” என்றார். அண்ணன் எதுவும் சொல்லாமல் வெளியே போனார். திரும்பி வந்து, “ஜெனரேட்டர எடுத்துட்டுப் போலாம்பா. ஸ்டோர்ல இருக்கு” என்றார். “ராத்திரி பூரா அது கத்தினா பக்கத்துல இருக்கறவன் தூங்க வேண்டாமா?” என்றார் அப்பா.

என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பேராக்கில் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருந்தவர். ஆலையின் மின்சாரம் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. அவரைப் பார்த்து நான் கேட்டேன்: “ஆலையில இப்படி கரண்ட் போனா, அளந்து பாக்காமலேயே ஒரு மிஷின் மேல பழி போடுவீங்களாப்பா?”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தன் பையைத் திறந்தார்.

பழைய மீட்டர் காட்டிய பூஜ்யம்

பையிலிருந்து வந்தது அவருடைய கிளாம்ப் மீட்டர். நண்டுக் கொடுக்கு போல வாய் திறக்கும் கருவி. கம்பியை வெட்டாமல், தொடாமல், அந்தக் கொடுக்குக்குள் கம்பியை விட்டாலே எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று சொல்லிவிடும். வேலைக்காலத்து நினைவாக எங்கே போனாலும் கூடவே எடுத்துச் செல்வார்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்து, மின்கம்பியை மீட்டரின் வாய்க்குள் விட்டார். பூஜ்யம். விளக்குகளைப் போடச் சொன்னார். பூஜ்யம். தண்ணீர் பம்பை ஓடவிட்டோம். அப்போதும் பூஜ்யம். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அடுத்த நிமிடமே நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். “இது ஏசி மீட்டர்டா!”

நம் வீட்டுச் சுவரில் வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். நொடிக்கு ஐம்பது சுற்று. கம்பியைச் சுற்றி அது உண்டாக்கும் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறும். அந்த மாற்றத்தைத்தான் பழைய வகை கிளாம்ப் மீட்டர் உணரும். பேட்டரியிலிருந்து வருவது டிசி. ஒரே திசையில் ஓடும். அதன் காந்தப்புலம் மாறாமல் நிற்பதால், ஏசி மீட்டருக்கு அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரிதான். டிசியை அளக்க ‘ஹால் சென்சார்’ உள்ள கிளாம்ப் மீட்டர் வேண்டும். கடையில் வாங்கும்போது டிசி ஆம்பியரும் அளக்குமா என்று கேட்டு வாங்குவது முக்கியம். டிசி வோல்ட் அளக்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

அண்ணன் போய்ப் புதிய மீட்டர் வாங்கி வந்தார். அப்பா அதைக் கையில் வாங்கியதும் பாடம் தொடங்கியது. அண்ணன் மகளுக்கு எட்டு வயது. அவளை உதவியாளராக வைத்துக்கொண்டார்.

முதல் பாடம்: அளப்பதற்கு முன் ‘ஜீரோ’ பொத்தானை அழுத்த வேண்டும். சுற்றியுள்ள காந்தத்தின் தாக்கத்தால் கம்பி இல்லாமலேயே மீட்டர் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது: ஒரே ஒரு கம்பியை மட்டும் வாய்க்குள் விட வேண்டும். போகிற கம்பியையும் திரும்புகிற கம்பியையும் சேர்த்து விட்டால் ஒன்றை ஒன்று ரத்துச் செய்து பூஜ்யம் காட்டும்.

மூன்றாவது: சாதாரண மல்டிமீட்டரில் ஆம்பியர் அளப்பதாக இருந்தால், கம்பியைக் கழற்றி, மின்சாரம் மீட்டருக்குள் புகுந்து வெளியே போகும்படி வரிசையில் இணைக்க வேண்டும். பெரும்பாலான மீட்டர்கள் 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது. வோல்ட் அளப்பது போல பேட்டரியின் இரண்டு முனைகளிலும் நேராக வைத்துவிட்டால் அது ஷார்ட் சர்க்கியூட். மீட்டரின் ஃபியூஸ் போகும், பொறி பறக்கும், கையும் சுடும்.

“வோல்ட்னா தொட்டியில தண்ணி எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கறது. ஆம்பியர்னா குழாயில எவ்வளவு வேகமா போகுதுங்கறது” என்று பேத்திக்குச் சொன்னார். “அப்ப ஆம்பியர்-மணின்னா?” என்றாள். “எத்தன வாளி பிடிச்சோம்ங்கற கணக்கு.” ரேடியோவில் நான் இவ்வளவு எளிதாக எதையும் விளக்கியதில்லை.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கு

முதலில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்கச் சொன்னார். விளக்கு இல்லை, பம்ப் இல்லை, இயந்திரம் இல்லை. பேட்டரியின் மைனஸ் கம்பியை மீட்டருக்குள் விட்டார். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 1.4 ஆம்பியர் காட்டியது.

“யாரோ குடிச்சிக்கிட்டு இருக்கான்” என்றார் அப்பா.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்குவது, மீட்டரைப் பார்ப்பது, பேத்தி எண்ணைச் சொல்வது, மறுபடி ஃபியூஸைச் செருகுவது. பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி போகும் சாதனங்களுக்குத் தனியாக அந்தக் கம்பியையே அளந்தார். அரை மணி நேரத்தில் ஆட்கள் பிடிபட்டார்கள்.

12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், எதுவும் செருகாமல் சும்மா விழித்திருப்பதற்கே 0.9 ஆம்பியர் எடுத்தது. பாட்டுப் பெட்டி அணைத்த பிறகும் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு 0.3. நீல விளக்கு எரியும் யூஎஸ்பி செருகிகளும் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவியும் சேர்ந்து 0.2.

பிறகு சிபேப். ஒத்திகை நாளில் வீட்டில் செருகுவது போலவே இன்வெர்ட்டரில் செருகி, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரின் சூட்டையும் போட்டிருந்தோம். அதே போல ஓடவிட்டு அளந்ததில் கூடுதலாக 4.2 ஆம்பியர் ஏறியது.

அப்பா தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டில் எழுதினார். அந்தப் பக்கத்தை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நண்பகலில் இருந்து 3.40 வரை கிட்டத்தட்ட 15.7 மணி நேரம். 1.4 ஆம்பியர் வீதம், 22 ஆம்பியர்-மணி. அவர் இயந்திரம் இரவு 10 மணியிலிருந்து 5.7 மணி நேரம், 4.2 வீதம், 24 ஆம்பியர்-மணி. விளக்குகள் 4. மொத்தம் 50.

கேரவனில் இருந்தது 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி. அந்த வகையைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். புதிதாக இருந்தாலே 50-தான் நம்பி எடுக்கலாம். இதுவோ வயதான பேட்டரி. கணக்கு நேராக வந்துவிட்டது.

ஆனால் எங்களை யோசிக்க வைத்தது மொத்தத் தொகை அல்ல. அப்பாவின் மூச்சுக்குப் போனது 24. யாருக்கும் உதவாமல் போனது 22. நோட்டில் அந்த இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் அவரே தலைப்பு எழுதியிருந்தார்: ‘என் செலவு’, ‘வீண் செலவு’.

அம்மா அதை எட்டிப் பார்த்தார். “காலைல இருந்து மனுசன் சாப்பிடாம உக்காந்திருந்தாரு. இப்ப பாத்தியா, யாரு தின்னதுன்னு” என்றார். யாரைத் திட்டுகிறார் என்று தெரியாமல் பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே திட்டினார்.

24 எப்படி 10 ஆனது?

வீண் செலவை நிறுத்துவது எளிது. இன்வெர்ட்டரை அதன் சொந்தச் சுவிட்சிலேயே அணைத்தோம். பாட்டுப் பெட்டிக்கும் யூஎஸ்பிக்கும் தனிச் சுவிட்ச் வைத்தார் அப்பா. கேஸ் எச்சரிக்கைக் கருவியை மட்டும் தொடவில்லை. அது உயிர் காக்கும் செலவு. 1.4 ஆம்பியர் 0.1-க்கு இறங்கியது.

இயந்திரத்தின் செலவைக் குறைக்க இரண்டு வழிகள் இருந்தன. பேட்டரியின் டிசியை இன்வெர்ட்டர் ஏசியாக மாற்றுகிறது. இயந்திரத்தின் அடாப்டர் அதை மறுபடி டிசியாக மாற்றுகிறது. இரண்டு இடத்திலும் சூடாகி வீணாகிறது. அந்த இயந்திர வகைக்கென்றே விற்கும் 12 வோல்ட் கன்வெர்ட்டரை வாங்கினால் நேராகச் செருகலாம். அடுத்தது ஹியூமிடிஃபையரின் சூடு. உண்மையில் காற்றை ஊதும் மோட்டாருக்கு ஆகும் செலவு குறைவு. தண்ணீரைச் சூடாக்குவதுதான் அதிகம் இழுக்கும்.

ஆனால் இது மருந்து மாதிரியான விஷயம். நாமே கூட்டிக் குறைக்கக் கூடாது. அண்ணி தாதி. இந்த முறை வேலை அட்டவணை இடம் கொடுக்காததால் அவர் பயணத்துக்கு வரவில்லை. ஆனால் அப்பாவின் மருத்துவரிடம் பேசியது அவர்தான். சில இரவுகள் சூட்டை நிறுத்தி, குவளையில் தண்ணீர் மட்டும் வைத்துக்கொள்ளலாம், அழுத்தத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று பதில் வந்தது.

மறுபடி அளந்தோம். 1.2 ஆம்பியர். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 9.6 ஆம்பியர்-மணி. விளக்கு, தண்ணீர் பம்ப், கைப்பேசி சார்ஜ் எல்லாம் சேர்த்தும் ஒரு நாளைக்கு 19-ஐத் தாண்டவில்லை. அண்ணன் வைத்திருந்த 160 வாட் மடிப்புச் சோலார் பலகை, நல்ல வெயிலில் அதைச் சில மணி நேரம் விரித்து வைத்தாலே ஈடுகட்டிவிடும்.

குளிர்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கேரவன்களில் உள்ளது மூன்று வழிக் குளிர்பெட்டி. கேஸ், வீட்டு மின்சாரம், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும். 12 வோல்ட்டில் போட்டு அளந்தபோது 11 ஆம்பியர் காட்டியது! ஓர் இரவு மறந்து அப்படியே விட்டிருந்தால் அது ஒன்றே பேட்டரியைத் துடைத்துவிடும். வண்டி ஓடி, எஞ்சின் சார்ஜ் கொடுக்கும்போது மட்டும் 12 வோல்ட். நிறுத்தியதும் கேஸுக்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அப்பா விடவில்லை. பழைய பேட்டரியை மாற்றச் சொன்னார். அதோடு, தன் இயந்திரத்துக்கு மட்டும் தனியாக 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும் கேட்டார். “கணக்கு சரியா இருந்தாலும் கையிருப்பு வேணும். ஆலையில அப்படித்தான்.”

ஆம்பியரை அளந்தோம், இடம் கிடைத்தது

அடுத்த தலைவலி, சாமான்கள். தீபாவளி முடிந்த கையோடு புறப்படுவதால் அம்மா இரண்டு டின் முறுக்கு, ஒரு டின் அச்சு முறுக்கு, இட்லிப் பானை, அரிசி மூட்டை, இடிகல் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். கேரவனின் எல்லா அலமாரிகளும் நிரம்பிவிட்டன. அப்பாவின் இயந்திரப் பெட்டிக்கே இடமில்லை.

“இடத்துக்கு முன்னாடி எடைய பாரு” என்றார் அப்பா. ஒவ்வொரு கேரவனிலும் ஒரு தகடு இருக்கும். வெறும் வண்டியின் எடை, சாமான்களோடு அதிகபட்சம் இருக்கக்கூடிய எடை இரண்டும் அதில் உண்டு. அண்ணனின் கேரவன் வெறுமனே 1,480 கிலோ. அதிகபட்சம் 1,800. நமக்குக் கிடைப்பது 320 கிலோ. அதில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியே 80 கிலோ; இரண்டு கேஸ் சிலிண்டர்கள் நிரப்பினால் சுமார் 36 கிலோ. மிச்சம்தான் முறுக்குக்கும் இட்லிப் பானைக்கும்.

எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம். 1,865 கிலோ. அறுபத்தைந்து கிலோ அதிகம். சட்டப்படியும் தவறு, சாலையிலும் ஆபத்து.

எதை இறக்குவது? அம்மா இடிகல்லைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஆயுதப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அப்போது பேத்திதான் கேட்டாள்: “தாத்தா, கணக்கு சரியாயிடுச்சே, அப்புறம் எதுக்கு ஜெனரேட்டர்?”

ஜெனரேட்டர் 21 கிலோ. அதற்கான பெட்ரோல் டப்பா 9 கிலோ. முன்பக்கச் சாமான் அறையில் பாதியை அவை அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் இறக்கினோம். அப்புறம் மற்றவர்களுக்கும் மனம் இளகியது. ஆயுதப் பெட்டியிலிருந்து 15 கிலோ, அரிசியிலும் டின் உணவிலும் 12, இரும்புத் தோசைக்கல் 8, மடிப்புக் கட்டில் 10, கடைசியாக இடிகல் 6. மொத்தம் 81 கிலோ இறங்கியது. புதிய லித்தியம் பேட்டரி 6 கிலோ ஏறியது. மறுபடி மேடையில் நிறுத்தியபோது 1,790.

பிறகுதான் அடுக்கும் வேலை. இதில் அம்மாதான் தலைமை. கனமானவை கீழே, சக்கரங்களுக்கு நேர் மேலே. பின்கோடியில் கனம் ஏற்றினால் வேகமாகப் போகும்போது கேரவன் பாம்பு போல ஆடத் தொடங்கும். முன்பக்கம் காரின் கொக்கி மேல் இறங்கும் பாரம், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. மேல் அலமாரிகளில் துணி, அப்பளம், முறுக்கு போன்ற எடை குறைந்தவை மட்டும். வட்ட டப்பாக்கள் மூலையை வீணாக்கும் என்று எல்லாவற்றையும் சதுர டப்பாக்களுக்கு மாற்றினார். இட்லிப் பானைக்குள் தட்டு, தட்டுக்குள் கிண்ணம், கிண்ணத்துக்குள் மசாலாப் பொட்டலம். சோலார் பலகை மடிந்து மெத்தைக்கு அடியில் போனது. சமையல் அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றினால் தரைக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சாண் இடம். அங்கே செருப்புகள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அப்பா குறுக்கிட்டார். அடுப்புக்குக் கீழே தரையோரம் சின்னத் துளைகள் இருந்தன. அம்மா அதை மூடி வெங்காயக் கூடையை வைத்திருந்தார். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேறத்தான் அந்தத் துளைகள். அதுபோலக் குளிர்பெட்டியின் காற்று வழி, சார்ஜரைச் சுற்றியுள்ள இடம் இவையெல்லாம் காலி இடம் போலத் தெரியும். ஆனால் காலி இடம் அல்ல.

முதல் நாள் இரவு

பெர்த்திலிருந்து ஹைடன் வரை சுமார் 340 கிலோமீட்டர். அலை எழுந்து அப்படியே கல்லானது போல நிற்கும் ‘வேவ் ராக்’ அங்கேதான் இருக்கிறது. முதல் இரவு அங்கே மின்சாரம் உள்ள கேரவன் பூங்காவில் தங்கினோம். தாராளமாக மின்சாரம் கிடைக்கிறது என்று அம்மா தோசைக்கு மின் அடுப்பையும் தேநீருக்குக் கெண்டியையும் போட, நான் ஏர்கண்டிஷனைப் போட, சற்று நேரத்தில் எல்லாம் இருண்டது.

அப்பா சிரித்தார். ஆஸ்திரேலிய கேரவன் இணைப்பு 15 ஆம்பியர். 230 வோல்ட்டில் 3,450 வாட். கெண்டி 2,400, அடுப்பு 1,500, ஏர்கண்டிஷன் 1,100. கூட்டினால் 5,000! ஒவ்வொன்றாகப் பயன்படுத்தினோம். 230 வோல்ட் வேலையில் மட்டும் அப்பா கை வைக்கவில்லை. அங்கே உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் அதைத் தொடலாம் என்பது சட்டம். “நான் சார்ஜ்மேன்தான். ஆனா இங்க இல்ல” என்றார்.

லக்கி பேயில் மூன்று இரவுகள்

மறுநாள் மாலை லக்கி பே. முதல் இரவு அப்பா முகமூடியை மாட்டுவதற்கு முன் மீட்டரை மாட்டினார். 1.2. நோட்டில் எழுதினார். நான் இரவில் இரண்டு முறை விழித்துக் கேட்டேன். கடல் சத்தத்துக்கு நடுவில் அந்த மெல்லிய காற்றுச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் வானம் மூடிக்கொண்டது. தெளிந்த நண்பகலில் 8 ஆம்பியர் தரக்கூடிய சோலார் பலகை ஒன்றரைதான் தந்தது. அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று 19 செலவு, இன்று வரவு 8, இன்றிரவு 19 போனால் பற்று 30. எல்லை 50. “பயப்படாம தூங்கலாம்” என்றார். வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று சொன்ன மனிதர்தான் அன்று எங்களுக்குத் தைரியம் சொன்னார்.

மூன்றாம் நாள் பிற்பகலில் வெயில் வந்தது. அப்பாவும் பேத்தியும் மணிக்கொரு முறை சோலார் பலகையைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்தார்கள். இடையில் ஒரு கங்காரு வந்து பலகையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அவசரத்துக்கென்று வாங்கிய லித்தியம் பேட்டரியைக் கடைசிவரை தொடவே இல்லை.

நீங்களும் புறப்படுவதாக இருந்தால்

நம் நாட்டிலும் கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்துச் சுற்றும் குடும்பங்கள் இருக்கின்றன. பெற்றோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் சில விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

மின்சாரம் இல்லாத இடத்துக்குப் போகும் முன், வீட்டு வாசலிலேயே ஓர் இரவு ஒத்திகை பாருங்கள். சாதனத்தின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கை மட்டும் நம்பாமல், எல்லாவற்றையும் அணைத்த பிறகு எவ்வளவு ஓடுகிறது என்பதை முதலில் அளங்கள். ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்குங்கள். வந்த தொகை, பேட்டரியில் நம்பி எடுக்கக்கூடிய அளவைத் தாண்டக் கூடாது. சிபேப் போன்ற கருவி இருந்தால் அதற்கென்றே தனி கையிருப்பு வையுங்கள். அமைப்பில் எந்த மாற்றமும் மருத்துவரைக் கேட்டே.

விமானத்தில் போகிறவர்களுக்கு: 100 வாட்-மணி வரையிலான உதிரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணியாகக் கொண்டுபோக முடியாது. கேரவனுக்கான பேட்டரியைப் போய்ச் சேரும் ஊரில்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். சிபேப் இயந்திரத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் உங்களோடு விமானத்துக்குள் எடுத்துச் செல்லுங்கள்.

சாமான் விஷயத்தில், முதலில் எடை, அப்புறம் இடம். இடம் போதவில்லை என்றால் புதிய அலமாரி தேடுவதற்கு முன், பயத்துக்காக எடுத்து வைத்திருக்கும் பொருள் எது என்று பாருங்கள். எங்களுக்கு அது ஜெனரேட்டர்.

கடைசி நாள் காலையில் அப்பா எங்கள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து மணலில் நடந்துவிட்டு வந்தார். நோட்டு மேசைமேல் திறந்திருந்தது. மூன்று இரவுகளின் கணக்கும் வரிசையாக இருந்தது. ‘என் செலவு’ என்ற தலைப்பை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தூக்கம்’ என்று எழுதியிருந்தார்.

அடுத்த வருடம் எங்கே போகலாம் என்று அண்ணன் கேட்டபோது, அப்பா மீட்டரைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: “எங்க வேணாலும் போலாம். அளந்துட்டுப் போலாம்.”